சிலுவை, உயிர்ப்பு, நற்செய்தி: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பிறந்தால் எங்கள் கரையில் கேள்விகளும் பிறக்கும். மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்பார்கள். வலை சரிசெய்கிற கொட்டகையில் பெரியவர்கள் கேட்பார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் நண்பர்கள் கேட்பதுதான் பெரும்பாலும் நேரான கேள்வியாக இருக்கும். நான் குருவானவர் இல்லை, எங்கள் ஊர்க் கோவிலின் பங்கில் மறைக்கல்வி சொல்லித்தருகிற ஆள். கத்தோலிக்கராக இருந்து பதில் சொல்கிறேன். பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து வடக்கே காரங்காடு, தொண்டி வரைக்கும், தெற்கே மூக்கையூர் வரைக்கும் இந்தக் கரையில் வாழ்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது உண்மையிலேயே நடந்ததா, பிற்காலத்தில் கட்டிய கதையா?

நடந்தது. கிறிஸ்தவர் அல்லாத வரலாற்று ஆய்வாளர்களும் மிகப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிற செய்தி இது. ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸுக்குக் கிறிஸ்தவர்கள்மேல் கொஞ்சமும் அன்பு கிடையாது. அவரே 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திபேரியு மன்னன் காலத்தில் பொந்தியு பிலாத்துவின் கையால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவர் பெயர் பொறித்த கல் ஒன்று 1961இல் செசரியா கடற்கரையில் தோண்டும்போது கிடைத்தது. இயேசு இறந்தது கி.பி. 30ஆம் ஆண்டாகவோ 33ஆம் ஆண்டாகவோ இருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு.

இன்னொரு சான்றும் உண்டு, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு பாறைக் கல்லறையைத் திறந்தபோது, ஆணி குத்தியபடியே இருந்த ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது. யோகனான் என்ற இளைஞனுடையது. அவனும் அதே காலத்தில், அதே ஊரில், அதே தண்டனை பெற்றவன். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் வைத்திருந்த தண்டனை அது. ஊருக்கு வெளியே, ஆள் போகிற வருகிற பாதை ஓரத்தில், எல்லாரும் பார்க்கும்படி நிறைவேற்றுவார்கள். உயிர் போவதற்கு முன்னால் மானம் போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நாம் குருசடியில் பூ வைத்து, கோவில் கோபுரத்தில் விளக்குப் போட்டுப் பழகிவிட்டதால் இது நமக்கு உறைப்பதில்லை. முதல் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆண்டவர் இப்படித்தான் செத்தார் என்று வெளியே சொல்ல எவ்வளவு கூசியிருப்பார்கள்! சொல்லாமல் விட வழியிருந்தால் விட்டிருப்பார்கள். கட்டுக்கதை எழுதுகிறவன் இப்படி ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே? இரத்தம் எதற்கு?

பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது, பதில் சொல்லக் கடினமானதும் இதுதான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி ஒருவர் படகு கட்டுகிறார். புயலில் படகு போய்விடுகிறது. "சரி, போகட்டும், நீ தர வேண்டாம்" என்று வியாபாரி சொல்லிவிட்டால் கடன் தீர்ந்தது. ஆனால் பணம் எங்கும் மறைந்துவிடவில்லை, வியாபாரியின் கையிலிருந்துதான் போயிருக்கிறது. எந்த மன்னிப்பையும் எடுத்துப் பாருங்கள், மன்னிக்கிறவர் ஒரு நட்டத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டிருப்பார். பெரிய துரோகத்தை மன்னித்தவர்களுக்கு இது தெரியும்.

கோபக்கார அப்பா ஒருவர் அடிக்க வந்தார், மகன் குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொண்டார் என்பதுபோலச் சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்வது கடவுளைக் கொடுமைக்காரர் ஆக்கிவிடும். கிறிஸ்துவில் இருந்து உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளேதான் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் சொல்கிறார். நட்டத்தைச் சுமந்தது அவர்தான்.

அப்புறம், அவரைக் கொன்ற பாவங்கள் எவை என்றும் பாருங்கள். ஒருவனுக்கு முப்பது வெள்ளிக்காசு ஆசை. ஒருவனுக்கு வேலைக்காரப் பெண் அடையாளம் கண்டுகொண்டாளே என்ற பயம். ஆளுநருக்குப் பதவி போய்விடக் கூடாது. மதத் தலைவர்களுக்கு அமைதி கெட்டுவிடக் கூடாது. கூட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் கத்தினால் தானும் கத்த வேண்டும். அத்தனையும் நம் தெருவில் தினமும் நடக்கிற பாவங்கள்தான். "யூதர்கள் கொன்றார்கள்" என்று ஓர் இனத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அந்தப் பழியைத் தெளிவாகவே மறுத்துவிட்டது.

"என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கதறினாரே. அவருக்கே நம்பிக்கை போய்விட்டதா?

அது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி. சின்ன வயதில் மனப்பாடம் செய்த செபம் உயிர் போகிற நேரத்தில் வாயில் வருகிறது. அந்தப் பாடல் கைவிடப்பட்ட கதறலில் தொடங்கி, கடவுள் செவிகொடுத்தார் என்ற புகழ்ச்சியில் முடியும். அதனால் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதற்காக, "அவர் சும்மா பாட்டுத்தான் பாடினார், வலியெல்லாம் இல்லை" என்று மழுப்புவதும் சரியில்லை. வலித்தது. தனிமையாகவும் இருந்தது.

இலங்கைக் கடற்படை பிடித்துப் போன கணவனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிற பெண், செபம் வரவில்லையே என்று அழுவதைக் கேட்டிருக்கிறேன். அக்கா, அந்த அழுகையே செபம்தான். கடவுளைப் பார்த்து "ஏன்" என்று கேட்பது பாவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சிலுவையிலிருந்தே அந்தக் கேள்வி வந்திருக்கிறது.

வெள்ளி மாலை அடக்கம், ஞாயிறு விடியலில் உயிர்ப்பு. மூன்று நாள் கணக்கு எப்படி?

யூதர்கள் ஒரு நாளின் ஒரு பகுதியையும் நாளாகவே எண்ணுவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று. இதில் வேறு மர்மம் இல்லை.

ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா விழாவின்போது, அது முழுநிலவை ஒட்டி வரும். அதனால்தான் மார்ச் 21ஐயோ அதன் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்று திருச்சபை கணக்கு வைத்திருக்கிறது. கடல் தொழில் செய்கிறவர்களுக்கு வெள்ளுவா (முழுநிலவு), காருவா (அமாவாசை) பார்த்துப் பழக்கம் என்பதால் இது சட்டென்று புரியும். பெரிய வெள்ளி எப்போதுமே வெள்ளுவாவை ஒட்டித்தான் வரும். நண்பகல் முதல் மூன்று மணி வரை இருள் சூழ்ந்தது என்று நற்செய்தியில் படிக்கிறோமே, அது சூரிய கிரகணமாக இருக்க வழியில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும். சூரிய கிரகணம் காருவாவில்தான் வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஈஸ்டர் பிந்தி வருகிற ஆண்டுகளில், 2025இல் ஏப்ரல் 20 அன்று வந்ததுபோல, விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும்போது திருவிழா வரும். கையில் காசு இருக்காது, ஆனால் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள்.

செத்தவர் உயிரோடு எழுந்தார் என்பதைப் படித்தவர்கள் எப்படி நம்புவது?

நம்பிக்கைக்குக் கணக்குப் போட்டு நிரூபணம் தர என்னால் முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவும் மாட்டேன். யோசித்துப் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் பெண்கள். நான்கு நற்செய்திகளிலும் வெறுங்கல்லறையை முதலில் பார்ப்பது பெண்கள்தான், நான்கிலும் மகதலா மரியா இருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவு. அவர்கள் ஓடிவந்து சொன்னபோது திருத்தூதர்களே அதைப் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா எழுதுகிறார். ஊர் நம்ப வேண்டும் என்று கதை கட்டுகிறவர் பேதுருவையோ, பெரிய மனிதரான அரிமத்தியா யோசேப்பையோ முதல் சாட்சியாக நிறுத்தியிருப்பார். பெண்களை எழுதி வைத்ததற்குக் காரணம், நடந்தது அதுதான் என்பது.

அடுத்தது, இந்தச் செய்தி எவ்வளவு பழையது என்பது. பவுல் கொரிந்தியருக்கு முதல் திருமுகத்தை எழுதியது கி.பி. 50களின் நடுவில். அதன் 15ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லி, உயிர்த்தவரைக் கண்டவர்களின் வரிசையைத் தருகிறார்: பேதுரு, பன்னிருவர், ஒரே நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு. அந்த ஐந்நூறு பேரில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். இந்த யாக்கோபு இயேசுவின் உறவினர். இயேசு ஊர் ஊராகப் போதித்த காலத்தில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதியிருக்கிறார். பிறகு எருசலேம் சபையின் தூணாக நின்றவர் இந்த யாக்கோபு, கடைசியில் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இந்த மரணத்தை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு பதிவு செய்திருக்கிறார்.

நான்கு நற்செய்திகளுக்குள் வித்தியாசங்கள் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே கண்ட வானதூதர் ஒருவரா இருவரா என்பதெல்லாம் ஒன்றுபோல இல்லை. எனக்கு இது இடறலாகத் தெரியவில்லை. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எழுதியிருந்தால் இவையெல்லாம் ஒத்துப்போயிருக்கும்.

எனக்கு மிகப் பெரிய சான்று சீடர்கள்தான். வியாழன் இரவு ஓடிப்போனவர்கள், கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், சில வாரங்களில் அதே எருசலேமில் நடுத்தெருவில் நின்று பேசினார்கள். அவர்களுக்கு அதனால் கிடைத்தது அடியும் சிறையும்தான்.

உயிர்த்த இயேசு ஆவியாக வந்தாரா, உடலோடு வந்தாரா?

உடலோடு. ஆவி என்று நினைத்துச் சீடர்கள் பயந்தபோது, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் கொடுத்த வேகவைத்த மீன் துண்டைச் சாப்பிட்டார். லூக்கா 24ஆம் அதிகாரம். அதே நேரத்தில், அது பழைய உடல் அப்படியே எழுந்து வந்ததும் இல்லை. பூட்டிய அறைக்குள் வருகிறார், நெருங்கியவர்களுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இனிச் சாவு தொட முடியாத உடல் அது.

ஆனால் காயங்கள் இருந்தன. மரணத்தை வென்றவருக்குக் காயத்தை மறைப்பது பெரிய காரியமா? சீடர் தோமாவிடம் கையையும் விலாவையும் காட்டுகிறார்.

யோவான் 21ஆம் அதிகாரத்தை எங்கள் ஆட்கள் படித்தால் வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கும் என்பது என் எண்ணம். இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. விடிகிற நேரத்தில் கரையில் ஒருவர் நின்று, "பிள்ளைகளே, மீன் பட்டதா?" என்கிறார். கரையேறிய யாரிடமும் நாம் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. வலது பக்கம் வலை போடச் சொல்கிறார், 153 பெரிய மீன்கள். எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள். என்ன அதிசயம் நடந்தாலும் மீனை எண்ணாமல் கரையில் பங்கு பிரிக்க முடியாது. அந்த எண்ணுக்கு உள்ளர்த்தம் தேடிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் தொழில்காரர்களின் பழக்கம்தான் தெரிகிறது.

கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்திருந்தார். தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடிதான் பேதுரு மூன்று முறை அவரைத் தெரியாது என்றார். இப்போது இன்னொரு கரிநெருப்பின் பக்கத்தில், மூன்று முறை, "என்னை அன்பு செய்கிறாயா?" என்ற கேள்வி. ஏன் ஓடினாய் என்ற கேள்வியே வரவில்லை. முதலில் சாப்பாடு போட்டார், பிறகுதான் பேச்சு. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை அந்தப் பேதுருவிடமே ஒப்படைத்தார். நற்செய்தியைச் சுமந்து போனவர்கள் தோற்றுப்போய் மன்னிக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிட்டால், நாம் அதைத் திமிரோடு சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

கடலில் போய் உடலே கிடைக்காதவர்களுக்கும் உயிர்ப்பு உண்டா?

உண்டு. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

இந்தக் கரையில் கல்லறை இல்லாத சாவுகள் நிறைய. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. இன்றைக்கு அங்கே இடிந்து நிற்கிற தேவாலயச் சுவருக்கு முன்னால் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், ஆனால் ஒரு நிமிடம் அங்கே நின்று செபிக்கவும் செய்யலாம். அந்தப் பெரிய புயலை விட்டாலும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவராவது இல்லாத மீனவ ஊர் அபூர்வம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று எல்லாரும் மந்திரித்த கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, அந்தக் குடும்பங்களுக்கு ஏற்ற இடம் இருக்காது.

அவர்களுக்காகவே எழுதியதுபோல ஒரு வசனம் உண்டு. திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தில், இறந்தோர் எல்லாரும் எழும்போது, கடல் தன்னிடம் இருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்று வருகிறது. மற்றவற்றுக்கு முன்னால் கடலின் பெயரைத்தான் சொல்கிறது. உயிர்ப்புக்கு எலும்பு எங்கே கிடக்கிறது என்பது முக்கியமில்லை. படைத்தவருக்கு அவரவரைத் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியாவை "மரியா" என்று கூப்பிட்டதுபோல.

உடல் கிடைக்காததால் முறையான அடக்கம் நடக்கவில்லையே, ஆன்மா அலையுமோ என்று பயப்படுகிற தாய்மார்களுக்கு: அலையாது, அம்மா. உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி வைக்கலாம், உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

அதே புத்தகத்தில் புதிய வானம், புதிய பூமி வரும்போது "கடலும் இல்லாமற்போயிற்று" என்று இருக்கிறதே. கடல் இல்லாத மோட்சம் எங்களுக்கு எதற்கு?

இதைக் கேட்டது வல்லத்தில் (நாட்டுப் படகில்) தொழிலுக்குப் போகிற ஒரு பெரியவர், கோபமாகவே கேட்டார். நல்ல கோபம். இதை எழுதிய யோவான் பத்மு என்ற தீவில் நாடுகடத்தப்பட்டுக் கிடந்தவர். அவருக்குக் கடல் என்றால் தன் சபையிலிருந்து தன்னைப் பிரித்து வைத்திருக்கிற தண்ணீர். யூத மக்களின் பழைய பாடல்களிலும் கடல் என்றால் அடங்காத அழிவுச் சக்தி. அந்த அழிவும் பிரிவும் இனி இல்லை என்பதைத்தான் சொல்கிறார். படைப்பு முழுவதுமே அழிவிலிருந்து விடுதலை பெறும் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதையும் சேர்த்துப் படித்தால், கடவுள் நம் மன்னார் வளைகுடாவை வற்றவைத்துவிடுவார் என்று பயப்படத் தேவையில்லை.

"ஈசா நபி சிலுவையில் இறக்கவில்லை" என்று முஸ்லிம் நண்பர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நாம் கலந்து வாழ்கிற கரை இது, இந்தப் பேச்சு வராமல் இருக்காது. முதலில் அவர் நம்புவதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஈசா நபி கன்னி மரியமிடம் பிறந்தவர், இறைத்தூதர் என்று அவர்கள் மதிக்கிறார்கள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே மரியம் என்று பெயர். ஆனால் அவரை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று 4ஆம் அத்தியாயம் 157ஆம் வசனம் சொல்கிறது. இறைவன் தன் தூதரை இப்படி ஓர் அவமானத்துக்கு விட்டுவிடுவானா என்ற மரியாதை அதில் இருக்கிறது, அதை நாம் பார்க்கத் தவறக் கூடாது.

நாம் வேறுபடுவது அங்கேதான். கடவுள் அந்த அவமானத்துக்குள் தாமே இறங்கினார் என்று நாம் நம்புகிறோம். இதை நட்போடு, தெளிவாகச் சொல்லிவிட்டு அவர் சொல்வதையும் கேளுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று பூசி மெழுகினால் இருவர் நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை. வாக்குவாதத்தில் ஜெயித்து ஒரு நண்பரை இழப்பதிலும் புண்ணியம் இல்லை.

நற்செய்தி சொல்வது என்றால் மதம் மாற்றுவதுதானே? சட்டம் அனுமதிக்கிறதா?

அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் நலத்துக்கும் உட்பட்டு, எல்லாருக்கும் தங்கள் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமை ஆகாது என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

சட்டம் கிடக்கட்டும். சட்டமே இல்லாவிட்டாலும் எனக்கு இதில் கருத்து உண்டு. ஒருவரை நான் மாற்றவே முடியாது. நான் கண்டதை, எனக்கு நடந்ததைச் சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் கடவுளுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. நோயாளியின் கட்டிலருகே போய் ஞானஸ்நானம் பெற்றால் குணமாகும் என்று வாக்குக் கொடுப்பது, அரிசி மூட்டையோடு துண்டுப் பிரதி கொடுப்பது, பக்கத்து வீட்டார் கும்பிடுகிற சாமியைப் பிசாசு என்பது, இவை எதையும் இயேசு செய்யச் சொல்லவில்லை. இவற்றால் நற்செய்தியின் பெயர் கெட்டிருக்கிறது என்பது என் வருத்தம்.

கிறிஸ்தவராக விரும்பி ஒருவர் தாமே வந்தாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிக்கான உரிமைகளை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இதை மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பது நேர்மையில்லை. நம் சபைகளுக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த வெட்கத்தைத் தீர்க்காமல் நாம் சொல்கிற நற்செய்தி பாதி நற்செய்திதான்.

அப்படியானால் எப்படித்தான் சொல்வது?

எம்மாவு என்ற ஊருக்குப் போகிற பாதையில் உயிர்த்தவர் எப்படிப் பேசினார் என்று பாருங்கள். இரண்டு பேர் மனம் உடைந்து நடந்து போகிறார்கள். கூடவே நடந்து, "என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்கிறார். எல்லாம் தெரிந்தவர்தான், இருந்தும் அவர்கள் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை கேட்கிறார். அதற்குப் பிறகுதான் மறைநூலை விளக்குகிறார். ஊர் வந்ததும் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொள்கிறார், அவர்கள் வற்புறுத்திக் கூப்பிட்ட பிறகே வீட்டுக்குள் போகிறார். கூப்பிடாத வீட்டுக்குள் போகவில்லை.

பேதுருவின் முதல் திருமுகம் 3ஆம் அதிகாரமும் இதையேதான் சொல்கிறது. உங்கள் எதிர்நோக்குக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள். யாராவது கேட்க வேண்டுமானால் நம் வாழ்க்கையில் கேட்கத் தோன்றும்படி ஏதாவது இருக்க வேண்டும். ஏலத்தில் எடையைக் குறைக்காமல் இருப்பது, பாசி எடுத்துவிட்டு வருகிற பெண்களுக்கு உரிய கூலியைக் கொடுப்பது, குடித்துவிட்டு வீட்டில் அடிக்காமல் இருப்பது என்று அது இங்கிருந்துதான் தொடங்கும்.

ஓரியூரில் இரத்தம் சிந்தின அருளானந்தரும் வேதாளையில் இறந்த குருவும் மதம் பரப்ப வந்தவர்கள்தானே?

ஆமாம். அவர்களைப் பற்றி நேர்மையாகவே பேசலாம்.

வேதாளையில் 1549இல் கொல்லப்பட்டவர் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியர், இயேசு சபை என்ற துறவற சபையின் முதல் இரத்தசாட்சி. படை வந்தபோது மக்களைத் தோணிகளில் ஏற்றி அனுப்ப அவர் கரையில் நின்றுவிட்டார், தப்பிக்க வாய்ப்பிருந்தும் போகவில்லை. அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. நின்றார் என்பது நினைவில் இருக்கிறது.

அருளானந்தர் என்கிற ஜான் தெ பிரிட்டோ, லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே வந்து காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ் பேசி, மறவர் சீமையில் நடந்தார். தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அந்தக் கோபம்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டுவதில் முடிந்தது. 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இன்றும் ஓரியூரின் செம்மண்ணை எல்லா மதத்தாரும் எடுத்துப் போகிறார்கள்.

அவரை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். புனிதருக்கு அதனால் மதிப்புக் குறையாது. நாம் சொல்கிற நற்செய்தி ஒரு வீட்டுக்குள் போகும்போது அந்த வீட்டில் மிகவும் பலவீனமானவருக்கு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

எங்கள் படகைப் பிடித்தவர்களையும், எங்களைச் சிறையில் போட்டவர்களையும் மன்னிக்க வேண்டுமா?

மன்னிக்க வேண்டும். நீதி கேட்பதை நிறுத்த வேண்டும் என்பதில்லை. கைதான தம்பியை மீட்கவும், படகைத் திரும்பக் கேட்கவும், சுட்டுக்கொல்லப்பட்டவர்களுக்காக நியாயம் கேட்கவும் நமக்கு முழு உரிமை உண்டு. வெறுப்பை வளர்த்து அதைப் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுக்கிற உரிமை மட்டும் சிலுவையின் கீழே நமக்கு இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கிற மீனவர்களும் தமிழர்கள்தான், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். போரில் எல்லாம் இழந்து மறுபடியும் வலை வாங்கியவர்கள். இங்கிருந்து போகிற இழுவைமடிப் படகுகள் அவர்களின் வலையை அறுத்து, அடிக்கடலையும் வழித்துவிட்டுப் போகின்றன. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டிக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இருகரை மக்களும் ஒரே சிலுவைப்பாதையில் முழந்தாளிடுகிறோம். மன்னிப்பை வாங்குகிற இடத்தில் நாமும் இருக்கிறோம் என்பது அந்தத் தீவில் நிற்கும்போது எனக்கு உறுதியாகத் தெரியும். கரைக்கு வந்த பிறகு அதன்படி தொழிலை மாற்றிக்கொள்வது கடினம், கடன் கழுத்தை நெரிக்கிறது, அதுவும் தெரியும். இருந்தாலும் ஒப்புரவு என்றால் அதுதான்.

ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று இத்தனை பிரிவு. யார் சொல்வது சரி?

மாதா, திருப்பலி, ஞானஸ்நானம் பற்றி வித்தியாசங்கள் உண்டு, அவை சின்னவை இல்லை. ஆனால் கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதில் எல்லாரும் ஒன்று. ஒருவர் ஆட்டை இன்னொருவர் பிடிப்பதை விட்டுவிட்டாலே பாதிச் சண்டை தீரும்.

நான் கிறிஸ்தவர் இல்லை. தெரிந்துகொள்ள மட்டும் ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

மாற்கு நற்செய்தி. 16 அதிகாரம்தான், ஒரு மதிய நேரத்தில் படித்துவிடலாம். பிறகு யோவானில் கடைசி இரண்டு அதிகாரங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவர் ஒருவரிடம் கேளுங்கள்.

பார்க்கவும் விரும்பினால் புனித வாரத்தில் எந்தப் பங்குக்கும் வரலாம். வியாழன் மாலை குருவானவர் மக்களின் பாதங்களைக் கழுவுவார். வெள்ளியன்று திருப்பலி கிடையாது, பாடுகளின் வரலாற்றை வாசித்துச் சிலுவையை முத்தமிடுவார்கள். சனி இரவு இருட்டில் நெருப்பு மூட்டிப் பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். அன்றுதான் முடிந்தால் வாருங்கள், பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். நற்கருணை அப்பம் மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது, மற்றவர்கள் இடத்திலேயே இருந்துகொள்ளலாம். யாரும் உங்கள் பெயரை நோட்டில் எழுதச் சொல்ல மாட்டார்கள். நேரம் ஊருக்கு ஊர் மாறும், முந்தின ஞாயிறு கோவிலில் கேட்டால் சொல்வார்கள்.